கிட்டியும் கோப்பும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரலாற்றில் முதுகலை முடித்திருக்கிறேன். பிரிட்டிஷ் பேரரசின் வரலாற்றை ஆராய்ந்து பேராசிரியராக வேண்டும் என்பது ஆசை. வெளிநாட்டில் முனைவர் பட்டம் செய்வதா, இங்கேயே செய்வதா? எந்தக் கோட்பாட்டை முதலில் படிக்க வேண்டும்? ஆவணங்கள் எல்லாம் ஸ்கேன் ஆகிவிட்டன, காப்பகத்துக்கு அலைய வேண்டாம் என்கிறார்கள் நண்பர்கள். கிழக்கிந்தியக் கம்பெனியின் கோப்புகளைக் கொண்டே கம்பெனியின் குற்றங்களை நிரூபிப்பது என் திட்டம். எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது என்பதால் மொழிச் சிக்கலும் இல்லை.

ச.

அன்புள்ள ச.,

கடைசி இரண்டு வரிகள் இல்லாதிருந்தால் உங்களுக்குச் சுருக்கமாக ஒரு தனி மடல் போட்டிருப்பேன். அந்த வரிகளைப் பற்றிக் கொஞ்ச நாளாகவே எழுத நினைத்திருந்தேன். மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் பிழைப்பு. அமெரிக்காவில் முனைவர் பட்டத்துக்கு ஐந்திலிருந்து ஏழு ஆண்டுகள் ஆகும். அதில் முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வகுப்பிலும் தகுதித் தேர்விலும் போய்விடும். பிரிட்டனில் மூன்று, நான்கு ஆண்டுகளில் முடித்துவிடலாம், ஆனால் சேரும்போதே தலைப்பும் எந்தக் காப்பகம் என்பதும் கையில் இருக்க வேண்டும். இங்கே யுஜிசியின் 2022 விதிப்படி குறைந்தது மூன்று ஆண்டு, நீட்டிப்பு நீங்கலாக அதிகபட்சம் ஆறு. ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய். பட்டம் வாங்கிய பிறகு ஓராண்டு, ஈராண்டு தற்காலிகப் பணிகளில் ஊர் ஊராக மாற வேண்டியிருக்கும். அமெரிக்காவில் நிரந்தரமாகும் பாதையில் இடம் கிடைத்தாலும் ஆறாம் ஆண்டு வாக்கில் கையில் ஒரு புத்தகம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆய்வேட்டை அப்படியே அச்சுக்கு அனுப்ப முடியாது, முதல் வரியிலிருந்து திரும்ப எழுத வேண்டும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

‘பேரரசு வரலாறு’ என்ற பெயரில் வேலை தேடினால் அதிகம் அகப்படாது. ஆக்ஸ்ஃபோர்டில் 1905இல் குடியேற்ற வரலாற்றுக்கென்று ஒரு பேராசிரியர் பதவி உண்டானது. அது தென்னாப்பிரிக்க வைரத்திலும் தங்கத்திலும் பணம் பார்த்த ஆல்ஃபிரட் பெய்ட்டின் கொடை. இன்று அதே பதவியின் பெயரில் ‘உலகளாவிய’ என்ற சொல் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறது. விளம்பரங்களில் ‘தெற்காசியா’, ‘உலக வரலாறு’ என்று தேடுங்கள். புகழுக்கு அவசரப்படாதீர்கள். அடிமை முறையை பிரிட்டிஷ் முதலாளியத்தோடு சேர்த்துப் பார்த்த எரிக் வில்லியம்ஸ் 1938இல் ஆக்ஸ்ஃபோர்டில் முனைவரானவர். அவருடைய புத்தகம் 1944இல் அமெரிக்காவில் வந்தது. பிரிட்டனில் அச்சாக 1964 வரை காத்திருந்தது. அதற்குள் அவர் டிரினிடாட் நாட்டின் பிரதமராகியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

கோட்பாடு பிறகு.

ஸ்கேன் விஷயத்தில் உங்கள் நண்பர்கள் பாதிதான் சரி. லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள, இந்திய ஆட்சியைக் கவனித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்களுடைய அலமாரி நீளம் 14 கிலோமீட்டர். அதில் வளைகுடா பற்றிய கோப்புகளை 2014 முதல் வீட்டிலிருந்தே படிக்கலாம், ஏனென்றால் கத்தார் பணம் கொடுத்தது. செங்கல்பட்டு ஜில்லாவின் ஜமாபந்திக்கு, அதாவது வருடாந்தர நிலவரிக் கணக்குக்கு, யார் பணம் கொடுப்பார்கள்? எது திரையில் கிடைக்கிறதோ அதையே வரலாறு என்று எடுத்துக்கொண்டால் உங்கள் தலைப்பை வேறு யாரோ தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

இனி உங்கள் ‘நிரூபணம்’. உங்கள் கோபத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோப்பை சாட்சிக் கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம் என்று நினைக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பொறுமை போகிறது. கோப்பு என்பது கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குக் காட்டும் கணக்கு. ஊர்க் கணக்கரான கர்ணம் எழுதியதைத் தாசில்தார் சுருக்குவார், தாசில்தார் எழுதியதைக் கலெக்டர். அதற்கு மேலே 1786இல் வந்த ரெவின்யூ போர்டு, அதற்கும் மேலே சென்னைக் கோட்டையில் இருந்த அரசு, கடைசியில் லண்டன். ஒவ்வொரு படியிலும் ஒன்று உதிரும், கூடவே ஒரு சமாதானம் சேரும். கப்பல் காலத்தில் கடிதம் ஒரு வழி போகவே ஐந்தாறு மாதம். பதில் வந்து சேர ஒன்றரை, இரண்டு வருடம். கோட்டையில் இருந்தவர்கள் செய்வதைச் செய்துவிட்டுத்தான் அனுமதி கேட்டார்கள். லண்டனிலிருந்து இடி முழக்கத்தோடு வரும் கண்டனம் பெரும்பாலும் முடிந்துபோன காரியத்துக்குத்தான். அதைப் படித்துவிட்டு ‘கம்பெனி தடுத்தது’ என்று எழுதிய ஆய்வேடுகளுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கடிதங்களில் பத்திக்குப் பத்தி எண் இருக்கும். பதிலும் அந்த எண்ணைச் சொல்லித்தான் பேசும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைக்காவிட்டால் எதற்கு என்ன பதில் என்றே புரியாது.

ஒரு வழக்கை எடுத்துக்கொள்வோம். 1854 ஜூலையில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் ஒரு கேள்வி எழுந்தது: சென்னை மாகாணத்தில் வரி வசூலிக்க ஆட்களைச் சித்திரவதை செய்கிறார்களாமே? சென்னை அரசு மூன்று ஆணையர்களை நியமித்தது. மனு கொடுக்க அளித்த அவகாசம் சில மாதங்கள்தான். அதற்குள் வந்த புகார்கள் 1,959. அறிக்கை 1855இல் வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் ஜமாபந்தி அறிக்கைகளைப் புரட்டுங்கள். மழை வரும், விலைவாசி வரும், பாக்கி வரும், தள்ளுபடி வரும், விரல் நெரிந்தது மட்டும் வராது. கலெக்டர் பொய் சொன்னார் என்பதால் மட்டும் அல்ல. அந்தப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இல்லை.

நாடாளுமன்றம் கேட்டதும் கட்டம் வந்துவிட்டது. அப்போதும் அறிக்கை என்ன முடிவுக்கு வந்தது? சித்திரவதை உண்டு, ஆனால் செய்தவர்கள் சுதேசிச் சிப்பந்திகள், ஐரோப்பிய அதிகாரிகள் மேல் குற்றமில்லை. ஆக, நீங்கள் நிரூபிக்க நினைப்பதை அவர்களே நிரூபித்து, கையையும் கழுவிக்கொண்டு, 1855லேயே அச்சடித்து வைத்துவிட்டார்கள். அதே அறிக்கையை 1857இல் லண்டனில் உட்கார்ந்து மார்க்ஸ் எடுத்து அவர்களுக்கு எதிராகவே ஒரு நியூயார்க் நாளிதழில் எழுதினார். ஒரே தாள் இருவருக்கும் உதவியது. அப்படியிருக்க அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி என்ன நிரூபிப்பீர்கள்? மனு கொடுக்கும் செய்தி எந்தத் தாலுகாவரை போய்ச் சேர்ந்தது, வழிச்செலவு இல்லாதவன் என்ன செய்தான், தாசில்தாரின் கண்ணில் படாமல் ஊரைவிட்டுக் கிளம்ப முடிந்ததா என்று கேளுங்கள். அப்போதுதான் அந்த 1,959 என்ற எண் பேச ஆரம்பிக்கும்.

மொழிக்கு வருகிறேன். அந்த ஆங்கில அறிக்கையில் மொழிபெயர்க்காமல் விட்ட இரண்டு சொற்கள் உண்டு: கிட்டி, அண்ணாந்தாள். கிட்டி, கட்டைகளுக்கு நடுவே விரலை வைத்து நெரிப்பது. அண்ணாந்தாளுக்கு அறிக்கை தரும் விளக்கம்: கழுத்தின் மேலும் கால் விரல்களின் கீழும் கயிற்றைக் கொடுத்து ஆளைக் குனிந்தபடி கட்டி வைப்பது. அண்ணாந்து என்றால் தலையை மேலே தூக்கி அல்லவா? குனிய வைத்துக் கட்டுவதற்கு ஏன் அந்தப் பெயர்? ஆணையர்கள் ஒரே பெயரில் இரண்டு தண்டனைகளைக் குழப்பினார்களா, சொல்லின் பொருள்தான் நகர்ந்ததா? தமிழ் காதில் ஒலிப்பவன் இந்த இடத்தில் நின்றுவிடுவான். ‘மொழிச் சிக்கல் இல்லை’ என்பவர் கடந்து போய்விடுவார். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் எழுதிய நாட்குறிப்பையே 1904 முதல் 1928 வரை வந்த பன்னிரண்டு ஆங்கிலத் தொகுதிகளிலிருந்து மேற்கோள் காட்டும் தமிழர்கள் இருக்கிறார்கள். வெட்கம் வேண்டாமா?

காப்பகத்துக்குப் போகும்போது சில விஷயங்கள் நினைவிருக்கட்டும். பென்சில் மட்டுமே கொண்டு போங்கள். படம் எடுக்க அனுமதி இருந்தால், கோப்பு எண் எழுதிய துண்டுச்சீட்டைப் பக்கத்தில் வைத்து எடுங்கள், பெயரில்லாத ஆயிரம் படங்களை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கோப்பைக் கேட்கும் முன் அந்த வருடத்து அட்டவணைத் தொகுதியை முழுக்கப் படியுங்கள். வருவாய்க் கணக்கின் ஆண்டு பசலி. பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. அதை ஒரே ஆங்கில ஆண்டாக எழுதினால் பஞ்சத்தின் தேதியே இடம் மாறும். 1818க்கு முன்னால் கம்பெனிக் கணக்கு வராகன் என்ற பொன் நாணயத்தில் இருக்கும்: 42 பணம் ஒரு வராகன், 80 காசு ஒரு பணம். பிறகு 100 வராகனுக்கு 350 ரூபாய் என்று மாற்றினார்கள். இந்த எல்லையை மறந்து போட்ட வரைபடத்தில் வரி ஒரே வருடத்தில் மூன்றரை மடங்கு ஏறியதுபோல் தெரியும்.

தமிழ்க் கணக்குகளில் பொறி இன்னும் அதிகம். மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. ஆனால் காணி நில அளவும்கூட, சுமார் 1.32 ஏக்கர். எந்தக் காணி என்பதை வரியின் முன்பின் பார்த்துத்தான் சொல்ல முடியும். எழுத்தில் புள்ளி இருக்காது, குறில் நெடில் எகர ஒகரம் பிரியாது, ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே நிற்கும். ஆறு மாதம் கண்ணைப் பழக்காமல் இதில் ஒரு பக்கமும் நகராது. விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம், லண்டன் எல்லாம் அதற்கப்புறம்.

ஒரு கர்ணம் கணக்கை, ஒரே ஒரு பக்கம், தேடிப் பிடித்து எழுத்துப் பெயர்த்து எனக்கு அனுப்புங்கள். புள்ளி வைத்து அனுப்புங்கள். எந்தப் புள்ளியைச் சந்தேகத்தோடு வைத்தீர்கள் என்பதையும் ஓரத்தில் குறித்துவிடுங்கள்.