மகளுக்கு 'பிரீட்' என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: நான் திருச்சிக்காரி. கணவர் அயர்லாந்தில் மேயோ பகுதியைச் சேர்ந்தவர். டப்ளினில் இருக்கிறோம். 3 வாரம் முன்பு பெண் குழந்தை பிறந்தது. கணவரின் பாட்டி பெயரான 'பிரீட்' வைக்க வேண்டும் என்பது மாமியாரின் ஆசை. ஊரில் அம்மாவோ, "நாய் என்ன பிரீடுன்னு கேட்கிற மாதிரி இருக்கே" என்று வருத்தப்படுகிறார். இணையத்தில் தேடினால் 'நெருப்பு அம்பு' என்று பொருள் வருகிறது. ஒருவர் கிறிஸ்தவப் புனிதர் பெயர் என்கிறார், இன்னொருவர் பழைய தெய்வத்தின் பெயர் என்கிறார். எது சரி? சான்றிதழில் எப்படி எழுதுவது?

பதில்: அம்மாவின் கவலையிலிருந்தே தொடங்குகிறேன். அது நியாயமான கவலை. வாழ்நாள் முழுக்கக் கூப்பிடப் போகிற சொல் காதில் உறுத்தக் கூடாது. அதற்கான வழி உங்கள் மாமியாரிடமே இருக்கலாம். பாட்டியை வீட்டில் எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஐரிஷ் மொழியில் இந்தப் பெயரின் கடைசி ஒலி, நாம் 'ரோடு' என்னும்போது வருகிற டு அல்ல. நாக்கின் நடுப்பகுதி மேலண்ணத்தை நோக்கி எழும்ப, ட-வுக்கும் ஜ-வுக்கும் இடையில் பிறக்கிற மெல்லிய ஒலி அது. மேயோ, கால்வே பக்கம் அது கிட்டத்தட்ட 'பிரீஜ்' ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அந்த ஒலிப்படியே எழுதிக்கொள்கிற பெண்கள் அங்கே உண்டு. உங்கள் கணவரின் பாட்டி மேயோக்காரர் என்றால், அவரும் 'பிரீஜ்' ஆகவே இருந்திருக்கக்கூடும். திருச்சியில் அந்த ஒலிக்கு எந்தத் தொல்லையும் இல்லை.

பழைய ஐரிஷில் இது 'பிரிகித்' என்பது போல எழுதப்பட்டது. நடுவில் இருந்த க தேய்ந்து மறைய, முன்னிருந்த உயிர் நீண்டது. நம் 'பகுதி'யையும் 'பாதி'யையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அதே மாதிரிதான். ஒலிக்காத எழுத்துகளை வெகுகாலம் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது அவை நீங்கி, 'பிரீட்' மட்டும் நின்றது. பிரிஜிட், பிரிட்ஜெட், பிரான்ஸின் பிரிஜீத், ஸ்வீடனின் பிர்கிட்டா எல்லாம் இதே பெயரின் கிளைகள்.

அடுத்து 'நெருப்பு அம்பு'. இந்த விளக்கத்துக்கு வயது ஆயிரத்துக்கும் மேல். அயர்லாந்தின் காஷெலில் அரசராகவும் ஆயராகவும் இருந்து 908-இல் இறந்த கோர்மக் பெயரில் வழங்கும் சொற்பொருள் நூலில், 'பிரெயோ' என்றால் நெருப்பு, 'சாயித்' என்றால் அம்பு என்று பெயரை இரண்டாக உடைத்துச் சொல்லியிருக்கிறார்கள். அழகான கற்பனை, ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல. மொழியியலார் ஏற்கும் பொருள் 'உயர்ந்தவள்'. வடக்கு இங்கிலாந்தில் ரோமானியர் காலத்தில் வணங்கப்பட்ட பிரிகாந்தியா தெய்வத்தின் பெயரும் இதே வேர்தான்.

அந்த வேர் சமஸ்கிருதத்திலும் இருக்கிறது: 'பிருஹத்', பெண்பாலில் 'பிருஹதீ'. இரண்டுக்கும் தாயான மூல இந்தோ-ஐரோப்பிய மொழியின் ஒரே மெய், ஐரிஷ் சேர்ந்த கெல்டிக் மொழிக்குடும்பத்தில் க ஆகவும் சமஸ்கிருதத்தில் ஹ ஆகவும் மாறியதால்தான் இரண்டும் வேறுவேறாகத் தெரிகின்றன. தஞ்சாவூர்ப் பெரிய கோயிலின் பிருகதீஸ்வரர், அங்கே பெரியநாயகி என்று தமிழில் நாம் சொல்லும் பிருஹந்நாயகி, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தின் பிரகதாம்பாள், எல்லாம் இந்தச் சொல்லில் பிறந்த பெயர்கள். உங்கள் அம்மாவிடம் இதை அவசியம் சொல்லுங்கள். மாமியார் வைக்கச் சொல்லும் பெயரின் சொந்தக்காரர்கள் திருச்சிக்குப் பக்கத்திலேயே கோயில் கொண்டிருக்கிறார்கள்.

தெய்வமா, புனிதரா என்றால் இரண்டும்தான். கோர்மக்கின் நூல் பிரிகித்தைத் தக்தா என்ற பெருந்தெய்வத்தின் மகள் என்கிறது. கவிஞர்கள் வணங்கியவள். அதே பெயரில் அவளுக்கு இரண்டு சகோதரிகள். ஒருத்தி மருத்துவத்துக்கு, ஒருத்தி கொல்லுத்தொழிலுக்கு. மாய்-துரா போரின் பழங்கதையில் பிரீக் என்ற பெயரில் வருகிறாள். போரில் மகன் ருவதான் ஈட்டிபட்டு விழ, அவள் வந்து அலறி அழுகிறாள். அயர்லாந்தில் அழுகையும் அலறலும் முதன்முதலில் கேட்டது அன்றுதான் என்கிறது கதை. ஒப்பாரியைத் தொடங்கி வைத்தவள் கவிதைத் தெய்வம்! எனக்கு இந்தக் கதைகளில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

புனித பிரிஜிட் 5-ஆம் நூற்றாண்டில் டண்டாக் அருகே ஃபோகர்ட்டில் பிறந்தவர், தாய் ஓர் அடிமைப்பெண் என்பது மரபு. கில்டேரில் மடம் கண்டவர். அவரைப் பற்றிய கதைகள் எல்லாம் கொடுப்பதைப் பற்றியே இருக்கும். வீட்டில் இருப்பதையெல்லாம் தானம் செய்கிறாள் என்று கோபப்பட்ட தந்தை, அவரை விற்றுவிட அரசரிடம் அழைத்துப் போகிறார். வாளை வண்டியில் வைத்துவிட்டு உள்ளே போய்ப் பேசுகிறார். அதற்குள் வாசலில் ஒரு தொழுநோயாளி வந்து கை நீட்ட, தந்தையின் வாளையே எடுத்துக் கொடுத்துவிடுகிறாள் அந்தப் பெண். மடத்துக்கு நிலம் கேட்டபோது, "உன் போர்வை அளவுக்கு எடுத்துக்கொள்" என்று அரசர் சொல்ல, விரித்த போர்வை வளர்ந்து கில்டேர் பக்கத்துக் கரக் சமவெளியையே மூடியது என்பது இன்னொரு கதை. கில்டேரில் அணையாமல் காக்கப்பட்ட நெருப்பைப் பற்றி 12-ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தெய்வத்தின் சாயல் எங்கே முடிகிறது, புனிதரின் வாழ்க்கை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது. நீங்களும் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போன ஐரிஷ் பெண்களில் ஏராளமானோர் வீட்டுவேலை செய்தார்கள். அவர்களையெல்லாம் 'பிரிட்ஜெட்', 'பிடி' என்று பொதுப்பெயரிட்டுக் கேலி செய்தார்கள். அந்த வலியில் பலர் பெயரையே விட்டுவிட்டார்கள். அந்தக் காலம் போய்விட்டது. 2023 முதல் புனித பிரிஜிட் நாளுக்காக அயர்லாந்தில் பொதுவிடுமுறை விடுகிறார்கள்.

இனி சான்றிதழ். குழந்தை பிறந்த 3 மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அவசரமில்லை. ஆங்கில எழுத்தில் 'ஐ' மீது சாய்கோடு, அதாவது ஃபாடா, கட்டாயம் போடுங்கள். அது இல்லாவிட்டால் 'பிரிட்' என்று குறுகிவிடும். பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிக்கிற வரிகளில் ஃபாடா வராது, விமான டிக்கெட்டிலும் பெரும்பாலும் வராது. அதனால் பதற வேண்டாம். என் யோசனை: சான்றிதழில் ஃபாடாவோடு 'பிரீட்', வீட்டில் 'பிரீஜ்'. கூடவே ஒரு தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் பொருளும் பொருந்துகிற 'பெரியநாயகி' இருக்கிறது. பழைய பெயராகத் தோன்றினால் நடுப்பெயராக வையுங்கள்.

புனித பிரிஜிட் நாளான பிப்ரவரி 1-க்கு முந்தின நாள், கோரை போன்ற புல்லை வெட்டாமல் கையால் பிடுங்கி, பிரிஜிட் சிலுவை முடைந்து வாசலுக்கு மேல் மாட்டுவார்கள். மாமியாருக்குத் தெரிந்திருக்கும். கற்றுக்கொண்டு, முதல் சிலுவையை அம்மாவுக்கு அனுப்புங்கள்.