கண்காட்சிக்கு ஆர்.என்.ஏ: ரசாயனம் வேண்டாம், பந்தும் குச்சியும் போதும்

மும்பை செம்பூரிலிருந்து ஒரு வாசகி: "மகள் ஜூனியர் காலேஜில் பதினொன்றாவது படிக்கிறாள். உயிர் தோன்றுவதற்கு முன்பே ஆர்.என்.ஏ.வின் பாகங்கள் எப்படி உருவாகியிருக்கும் என்று கண்காட்சியில் செய்து காட்டணுமாம். பிரின்சஸ் ஸ்ட்ரீட்டில் ரசாயனம் வாங்கித் தரச் சொல்கிறாள். எதை வாங்கலாம்?"

எதையும் வாங்காதீர்கள். இந்த ஆராய்ச்சிக்கு மூலப்பொருளே ஹைட்ரஜன் சயனைடும் ஃபார்மால்டிஹைடும்தான். முன்னது ஆளைக் கொல்லும். பின்னது புற்றுநோய் வரவழைக்கும். காலேஜ் லேபில் பந்து-குச்சி மாடல் செட் இருக்கும், அதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

முதலில் ஐந்து ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறு செய்யட்டும். அவற்றைப் பிரித்துக் கோத்தால் அடினைன் வரும்; ஆர்.என்.ஏ.வில் எழுத்துகள் மாதிரி இருக்கும் 'காரங்களில்' (base) இது ஒன்று. ஒரு பந்துகூட மிஞ்சாது. 1960-ல் ஜோவான் ஓரோ என்ற விஞ்ஞானி அம்மோனியம் சயனைடு கரைசலைச் சூடாக்கியபோது அடினைன் கிடைத்தது. அதேபோல ஐந்து ஃபார்மால்டிஹைடு சேர்ந்தால் ரைபோஸ், ஆர்.என்.ஏ.வில் இருக்கும் சர்க்கரை. (நிஜத்தில் ரைபோஸ் தனியாக வராது. ஏகப்பட்ட சர்க்கரைகளோடு கலந்து, பழுப்புக் கலவையாகத்தான் கிடைக்கும்.)

பார்க்கிறவர்கள் இதோடு கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள், போக விடாதீர்கள். சிக்கலே இதற்கு அப்புறம்தான். அடினைனையும் ரைபோஸையும் இணைக்க, ஒன்றிலிருந்து ஒரு ஹைட்ரஜனையும் மற்றதிலிருந்து ஒரு ஹைட்ராக்சிலையும் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த OH) கழற்ற வேண்டும். கழற்றிய இரண்டையும் சேர்த்துக் காட்டுங்கள்: தண்ணீர்! சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது இன்னொரு தண்ணீர் மூலக்கூறை வெளியே தள்ளுவது லேசில்லை. உலர்த்திச் சூடாக்கினால் அடினைன் ஏதோ கொஞ்சம் ஒட்டும். ஆர்.என்.ஏ.வின் வேறு இரண்டு காரங்களான சைட்டோசினும் யுராசிலும் மசியவே இல்லை. பல ஆண்டுகள் ஆராய்ச்சி இங்கேயே முட்டிக்கொண்டு நின்றது.

2009-ல் மான்செஸ்டரில் பவுனர், ஜெர்லாண்ட், சதர்லாண்ட் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வேறு வழியில் போனார்கள். காரத்தையும் சர்க்கரையையும் தனித்தனியாகச் செய்யவே இல்லை. சயனமைடு, கிளைக்கோலால்டிஹைடு என்ற இரண்டு சின்ன மூலக்கூறுகளைச் சேர்த்து, 2-அமினோஆக்சசோல் என்ற சின்ன வளையத்தை உண்டாக்கினார்கள். இதில் ஒரு பக்கம் பின்னால் சர்க்கரையாகும், மறுபக்கம் காரமாகும். இரண்டுக்கும் நடுவே வரவேண்டிய பிணைப்பு இப்போதே வந்துவிடுகிறது. என் கணக்கில் கண்காட்சியின் நடுநாயகமாக இருக்க வேண்டியது இந்த வளையம்தான். மேஜையின் மத்தியில், சர்க்கரைப் பக்கத்துக் கார்பன்களுக்குத் தனி நிறம் கொடுத்து வையுங்கள்.

"ஒவ்வொரு பொருளையும் சுத்தமாக, வரிசை மாறாமல் ஆதி பூமியில் யார் ஊற்றினார்கள்?" என்று நடுவர் கேட்பார். நியாயமான கேள்வி, ஆய்வாளர்களே இன்னும் இதில் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காமல் மகளே அதைச் சார்ட்டில் பெரிதாக எழுதி வைக்கட்டும்.