காந்த சிகிச்சை எடுத்தா ஞாபகம் போயிடுமா?

கேள்வி: டாக்டர், எங்க அக்காவுக்கு 41 வயசு, பேங்க்ல வேலை. ரெண்டு வருஷமா டிப்ரெஷன், மூணு தடவ மாத்திரை மாத்தியும் சரியாகல. இப்போ டிஎம்எஸ்னு தலையில காந்தம் வச்சு பண்ற ட்ரீட்மெண்ட் சொல்றாங்க. "கரண்ட் வச்சா எம்பொண்ணுக்கு என்னையே அடையாளம் தெரியாம போயிடும்"னு அம்மா அழறாங்க. மூளை மந்தமாயிடுமா?
- ஒரு வாசகி

பதில்: முதல்ல அம்மாவ பக்கத்துல உக்கார வச்சு சொல்லுங்கம்மா, இது கரண்ட் ஷாக் இல்ல. ஷாக்ல மயக்க மருந்து குடுத்து வேணும்னே ஒரு வலிப்ப வரவைப்பாங்க, அதுலதான் ஞாபக மறதி பிரச்னை. டிஎம்எஸ்ல வலிப்பு வந்துடக் கூடாதுனுதான் எல்லா கணக்குமே, மயக்க மருந்தே கிடையாது, முழிச்சுகிட்டே சேர்ல உக்காந்துட்டு முடிஞ்சதும் தானா எழுந்து வீட்டுக்கு வந்துடலாம்.

முதல் நாள் நீங்களும் கூட போங்க. 8 மாதிரி இருக்குற கம்பிச் சுருள, அதாவது காயில, தலையில வச்சு காந்தத் துடிப்பு குடுத்தா அக்காவோட வலது கை கட்டைவிரல் தானா துடிக்கும், எவ்ளோ பவர்ல துடிக்குதுனு பாத்துதான் அவங்களுக்கு டோஸ் வைப்பாங்க. 1985ல இங்கிலாந்து ஷெஃபீல்ட்ல ஆன்டனி பார்க்கர்ங்கிற விஞ்ஞானி இந்த முறைய முதல்ல செஞ்சு காட்டினதும் இப்படி கைய துடிக்க வச்சுதான். அப்புறம் இடது நெத்திக்கு மேல காயில நகத்தி வச்சு டக்டக்னு தட்டும், சத்தம் ஜாஸ்தி, இயர்ப்ளக் கண்டிப்பா கேட்டு வாங்குங்க. வழக்கமான முறைல ஒரு தடவைக்கு 3,000 துடிப்பு, வாரம் 5 நாள், 4லருந்து 6 வாரம். 3 நிமிஷத்துல முடியற முறையும் இருக்கு, 2018ல வந்த கனடா ஆய்வுல அதுவும் அதே அளவு பலன் குடுத்துச்சு.

ஞாபகம், கவனம் ரெண்டையும் டெஸ்ட் வச்சு பாத்த ஆய்வுகள்ல குறைஞ்சதா தெரியல. சிலருக்கு கொஞ்சம் கூடவும் செய்யுது, ஆனா மனசு லேசானாலே கணக்கு வழக்கு ஓடும், அதனால காந்தத்தால புத்தி கூடிச்சுனு நான் சொல்ல மாட்டேன். பரிட்சைக்கு படிக்கிற பசங்களுக்கு மெமரி பவர்னு சொல்லி யாராவது கூப்பிட்டா தயவுசெஞ்சு போகாதீங்க.

தலைவலி, காயில் பட்ட இடத்துல வலி முதல் வாரம் இருக்கும், போகப்போக குறையும். வலிப்பு ரொம்ப ரொம்ப அபூர்வம், ஆனாலும் சின்ன வயசுல ஃபிட்ஸ் வந்திருந்தா, ராத்திரி தூங்கலன்னா, மறைக்காம சொல்லணும். தலைக்குள்ள ஆபரேஷன்ல வச்ச உலோக கிளிப்போ, காது கேக்குறதுக்கு உள்ள பொருத்துற காக்ளியர் இம்ப்ளாண்ட்டோ இருந்தா பொதுவா இது வேண்டாம். பல்லு அடைச்சிருந்தா பரவால்ல.

மாத்திரைய மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க. நடுவுல மாத்திரை மாறினா அன்னைக்கே சொல்லிடுங்க, மறுபடியும் கட்டைவிரல் துடிக்கிறத பாத்துதான் டோஸ் வைக்கணும்.