உம் கொட்ட ஓர் ஆள்: பதற்றம், தனிமை, உறவுச் சிக்கல் பற்றிய கேள்வி பதில்

வணக்கம்ங்க. ஈரோட்டில் 18 ஆண்டுகளாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். இன்று சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 வரை பதில் எழுதுகிறேன். பேர் வேண்டாம், ஊர் போதும். நான் மருத்துவர் இல்லை. மாத்திரை எழுத மாட்டேன், உங்கள் மருத்துவர் எழுதியதை மாற்றச் சொல்லவும் மாட்டேன். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு இப்போதே இருந்தால் என் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். டெலி மானஸ் 14416, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. வீட்டில் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.

திருப்பூர், 29: பனியன் கம்பெனியில சூப்பர்வைசருங்க. ராத்திரி திடீர்னு நெஞ்சு படபடன்னு அடிக்குது, மூச்சு முட்டுது, கை மரத்துப் போகுது. மூணு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடியாச்சு. ஈசிஜி நார்மல்னு அனுப்பிடறாங்க. அடுத்த தடவை செத்துருவேனோன்னு பயமா இருக்குங்க.

தம்பி, முதலில் ஒன்று. அந்தப் படபடப்பு பொய் இல்லை. "உனக்கு ஒண்ணும் இல்லை" என்று சொல்லி அனுப்பியவர்கள் இதயத்தில் கோளாறு இல்லை என்றுதான் சொன்னார்கள். நீங்கள் பட்டது நிஜம்.

நீங்கள் சொல்வது பீதித் தாக்குதல் மாதிரி இருக்கிறது. உடம்புக்கு ஆபத்து என்று தோன்றிவிட்டால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமெடுக்கும், மூச்சு மேலோட்டமாக வேகமாக ஓடும். அப்படி மூச்சு விடும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால்தான் கை மரத்துப் போவதும் தலை சுற்றுவதும். நாய் துரத்தும்போது இதே உடம்பு இதையேதான் செய்யும். அங்கே நாய் கண்ணுக்குத் தெரிகிறது. படுக்கையில் எதுவும் தெரியாததால் மனசு காரணம் தேடி, "ஹார்ட் அட்டாக்" என்று முடிவு கட்டுகிறது. அந்த முடிவே பயத்தைக் கூட்டுகிறது, பயம் துடிப்பைக் கூட்டுகிறது. டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் இந்தச் சுழலை விளக்கி எழுதினார். இன்று தரும் பேச்சு சிகிச்சைக்கு அதுதான் அடிப்படை.

பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் அது உச்சிக்குப் போய், அப்புறம் தானாக இறங்கும். அந்த நேரத்தில் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். கால் இரண்டையும் தரையில் ஊன்றி உட்காருங்கள். மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள். நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். "இது வந்திருக்கிறது, போயிரும்" என்று வாய்விட்டே சொல்லுங்கள். தைராய்டும் ஹீமோகுளோபினும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அவற்றின் கோளாறிலும் படபடப்பு வரும். டீயும் படபடப்பைக் கூட்டும், ஷிப்டில் ஒரு நாளைக்கு எத்தனை டீ என்று எண்ணிப் பாருங்கள். திருப்பூரிலிருந்து வருபவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி அதுதான். ஏழு, எட்டு என்பார்கள்.

நாற்பது தாண்டிய யாருக்காவது முதல் தடவையாக நெஞ்சு வலி வந்தால் இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். 108ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள். பீதியா இல்லையா என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

கோபி, 34: தூக்கமே வரதில்லைங்க. எங்கம்மாவுக்கு டாக்டர் எழுதின தூக்க மாத்திரையில பாதி போட்டுக்கறேன். நல்லா இருக்கு. தொடரலாமா?

வேண்டாம் அம்மணி. இதை நான் எங்கே பேசினாலும் சொல்வேன், இன்றும் திரும்பச் சொல்வேன்: அடுத்தவர் சீட்டில் உள்ள மாத்திரை உங்களுடையது இல்லை. அல்பிரசோலம் மாதிரி மாத்திரைகள் சில வாரத்திலேயே உடம்புக்குப் பழகிவிடும், பாதி முழுசாகும். அது எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் மெடிக்கலில் தரக்கூடாது, சீட்டுக்குத் தந்தாலும் பதிவேட்டில் எழுத வேண்டும். ரொம்ப நாளாகப் போடுபவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம், அதனால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். எத்தனை நாளாகப் போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஈரோடு, கல்லூரி மாணவி: மனநல டாக்டர் தர்ற மாத்திரையை வாழ்நாள் முழுக்கப் போடணுமா?

இல்லை கண்ணு. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரை, மேலே சொன்ன தூக்க மாத்திரை மாதிரி அடிமையாக்குவது இல்லை. வேலை செய்ய இரண்டு முதல் நாலு வாரம், சிலருக்கு இன்னும் கூடும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். அப்புறம் மெல்லக் குறைத்து நிறுத்துவார்கள். சிலருக்கு நீண்ட நாள் தேவைப்படும்.

பொள்ளாச்சிப் பக்கம், 63: ஊட்டுக்காரர் போயி ரெண்டு வருசம் ஆச்சு. பையன் அமெரிக்கா, பொண்ணு பெங்களூரு. தோப்புக்குள்ள சாளை வீட்டுல நான் மட்டும். சாப்பாட்டுக்குக் குறையில்ல, கேமராவும் மாட்டியிருக்கறாங்க. பொழுது சாய்ஞ்சா மட்டும் என்னமோ மாதிரி ஆயிருது.

அக்கா, உங்கள் கேள்வியைத்தான் இரண்டு தடவை படித்தேன்.

ராபர்ட் வைஸ் என்ற சமூகவியலாளர் 1973லேயே தனிமையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஊர், கூட்டம், நாலு பேர் இல்லாத தனிமை ஒன்று. நமக்கே நமக்கென்று இருந்த ஓர் ஆள் இல்லாத தனிமை இன்னொன்று. ஒன்றுக்கான மருந்து இன்னொன்றுக்கு ஆகாது என்பது அவர் கருத்து. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. அதனால்தான் விசேஷத்துக்குப் போய் நூறு பேரைப் பார்த்துவிட்டு வந்தாலும், சாளைக் கதவைத் திறக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

முதல் தனிமைக்கு வழி உண்டு. நம் பக்கம் இப்போது ஊருக்கு ஊர் வள்ளி கும்மி பழக்குகிறார்கள். உங்கள் வயதுக்காரர்கள் நிறையப் பேர் ஆடுகிறார்கள். பழகுவதும் பெரும்பாலும் பொழுதோடதான், உங்களுக்குக் கனக்கிற அதே நேரம். கால் வலித்தால் பாட்டுக்குக் குரல் கொடுங்கள்.

இரண்டாவதற்கு அப்படிச் சட்டென்று ஒன்றும் சொல்ல முடியாது. அவரைப் பற்றிப் பேச ஓர் ஆள் வேண்டும். பிள்ளைகள் போனில் "சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா" என்றுதான் கேட்பார்கள். நீங்களே ஒரு நாள் மகளிடம், "இன்னைக்கு உங்கப்பாவைப் பத்திப் பேசணும், நீ உம் மட்டும் கொட்டு" என்று கேளுங்கள். சின்ன வயதில் அம்மிச்சி சொன்ன கதைக்கு உம் கொட்டிய பிள்ளைகள்தானே.

கேமரா உங்களைப் பார்க்கிறது, உங்களோடு பேசாது. மகனுக்கு இதை அனுப்புங்கள். மூத்தோருக்கான உதவி எண் 14567, ஆறுதலுக்கும் பேசலாம். தூக்கம், பசி, குளிக்கும் மனசு எல்லாமே இரண்டு வாரத்துக்கு மேல் விட்டுப் போனால் அது வெறும் தனிமை இல்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சோமனூர், 41: தறி நஷ்டமாகி, கடனாகிப் போச்சு. ஊட்டுக்காரர் யார்கிட்டயும் பேசறதில்ல. நான் என்ன தைரியம் சொன்னாலும் எரிஞ்சு விழறார். "நான் இல்லைன்னா நீங்க நல்லா இருப்பீங்க"ன்னு நேத்து சொன்னார்.

அம்மணி, அந்தக் கடைசி வாக்கியத்தைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். இன்றைக்கே நேராகக் கேளுங்கள்: "உசுர விட்ரலாம்னு நினைப்பு வருதா?" கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுவார்கள். அப்படி விதையாது. கேட்டதும் பாரம் இறங்கி அழுத ஆண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஆமா" என்றால் அவரைத் தனியாக விடாதீர்கள். பூச்சி மருந்தை வீட்டிலிருந்தும் தோட்டத்திலிருந்தும் அப்புறப்படுத்துங்கள். 14416ஐ நீங்களே கூப்பிட்டு அவர் கையில் கொடுங்கள், நாளைக் காலையில் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

தைரியம் சொல்வது இப்போதைக்கு வேண்டாம். "எல்லாம் சரியாயிரும்" என்று நாம் சொன்னால், "உனக்கு என் கஷ்டம் புரியலை" என்றுதான் அவர் காதில் விழும். கடன் எவ்வளவு, யார் யாருக்கு என்று கேட்டு, எழுதி, கூட உட்காருங்கள். நம் ஊரில் இழவு கேட்கப் போனால் எப்படி இருப்போம்? புத்தி சொல்ல மாட்டோம், பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். செத்த பிறகு அவ்வளவு அழகாகச் செய்வதை உயிரோடு இருப்பவருக்குச் செய்ய மறந்துவிடுகிறோம்.

நாளைக்கு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

பவானி, 26: மாத்திரை போட ஆரம்பிச்சா நிறுத்தவே முடியாதாமே?

மேலே ஈரோட்டு மாணவிக்கு எழுதியதைப் பாருங்கள்.

கரூர், 31: விவாகரத்து பண்ணா ஜீவனாம்சம் எவ்வளவு வரும்?

அது வக்கீலிடம் கேட்க வேண்டியது. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அடி உதை இருந்தால் 181.

காங்கேயம், 66: பொறுமையாப் படிச்சேன். ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. எங்க காலத்துல இந்தப் பதற்றம், தனிமை எல்லாம் இருந்துச்சா? காட்டு வேலை இருந்துச்சு, கூட்டுக் குடும்பம் இருந்துச்சு. எம் பையனுக்கு 33. ஆறு மாசமா மாத்திரை சாப்பிடறான். ஒரு கல்யாணத்தைப் பண்ணி வெச்சா எல்லாம் சரியாயிரும். பொண்ணு வீட்டுல இதையெல்லாம் சொல்லணுமா?

ஐயா, தப்பாக நினைக்கவில்லை. ஆனால் ஒத்துக்கொள்ளவும் முடியாது. உங்கள் காலத்திலும் இருந்தது. "ரோசனை புடிச்சுட்டுது" என்பார்கள், "காத்துக் கருப்பு" என்பார்கள். தோட்டத்துக் கிணறுகளுக்கு அந்தக் கதைகள் தெரியும்.

கல்யாணம் மருந்து இல்லை. பதற்றம் உள்ளவருக்குக் கல்யாணம் கூடாது என்பதும் இல்லை. நன்றாக வாழ்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் சொல்லாமல் செய்யாதீர்கள். மறைத்தால் உங்கள் பையன் முதல் நாளிலிருந்தே மாத்திரையை ஒளித்து வைத்து வாழ வேண்டும்.

தாராபுரம், 37: அந்தப் பெரியவருக்கு நான் பதில் சொல்றேங்க. என்னை அப்படித்தான் கட்டிக் கொடுத்தாங்க. பீரோவுல மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவரோட வியாதி மேல கோவமில்லை. சொல்லியிருந்தா நானே எடுத்துக் கொடுத்திருப்பேன். பயந்து அவரே நிறுத்தி, ரொம்ப முத்திப் போச்சு.

காங்கேயம், 66: சொன்னா எவன் பொண்ணு குடுப்பான்? இப்பவே தோட்டங்காட்டுப் பையன்னா பொண்ணு கிடைக்கறதில்ல. பெத்தவன் கஷ்டம் உங்களுக்குத் தெரியாது.

அந்தியூர், 38: ஐயா, நான் அந்தத் தோட்டங்காட்டுப் பையன். ஜாதகம் தூக்கிட்டு பத்து வருசம். ஒவ்வொரு நோம்பிக்கும் "இன்னும் அமையலையா"ன்னு கேக்கறாங்க. நல்லா இருக்கியான்னு ஒருத்தரும் கேக்கல. உங்க பையன்கிட்ட நீங்க கேட்டீங்களா?

காங்கேயம், 66: எம் பையன்கிட்ட என்ன கேக்கறதுன்னு எனக்குத் தெரியாதா? கூட்டுக் குடும்பமா இருந்தா இந்தப் பிரச்சினையே வராதுன்னு சொன்னேன், அவ்வளவுதான்.

எல்லோரும் கொஞ்சம் பொறுங்கள். ஐயா சொன்னதில் ஒரு பாதி உண்மை, அதைச் சொல்லிவிடுகிறேன். மனம்விட்டுப் பேச நெருக்கமான ஆள் இல்லாத பெண்களுக்கு மனச்சோர்வு அதிகம் வருகிறது என்று லண்டனில் ஜார்ஜ் பிரவுன், டிரில் ஹாரிஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இலேயே எழுதினார்கள். பெரியவர்கள் வீட்டில் இருப்பது பெரிய பலம். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006இல் ஒரு வேலை தொடங்கினார். மருத்துவமனைக்கு வெளியே மர பெஞ்சு போட்டு, அதில் பாட்டிமார்களை உட்கார வைத்தார். மனசு சரியில்லாதவர்கள் வந்து அவர்களிடம் பேசினார்கள். அங்கே இந்த நோய்க்கு ஊர்ப் பேச்சில் "அதிகமாக யோசிப்பது" என்று பொருள்படும் ஒரு சொல் இருக்கிறது, நம் "ரோசனை" மாதிரியே. அப்படிப் பேசியவர்களுக்கு ஆறு மாதத்தில் நல்ல முன்னேற்றம் என்று 2016இல் ஆய்வு முடிவு வந்தது.

ஆனால் ஐயா, அந்தப் பாட்டிமார்களுக்கு முதலில் கற்றுக்கொடுத்தது கேட்பதற்கு. வந்தவரைப் பேசவிட்டு, எந்தப் பிரச்சினையை முதலில் பார்க்கலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் இருபது பேர் இருந்தும் ஒருவரும் உம் கொட்டவில்லை என்றால், அங்கே இருக்கும் தனிமை தோப்புச் சாளையைவிடக் கொடுமை. ஆலோசனைக்கு வரும் மருமகள்கள் வாரா வாரம் இதைத்தான் என்னிடம் சொல்கிறார்கள்.

அந்தியூர் தம்பி, உங்களை நான் கேட்கிறேன். நல்லா இருக்கீங்களா? தனியாக எழுதுங்கள், இன்று இரவே படிக்கிறேன்.

பெருந்துறை, 22: லவ் பிரேக்கப். சாதி காரணம். வாட்ஸ்அப்ல அவளோட லாஸ்ட் சீன் பாத்துட்டே விடியுது.

அதைப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள் தம்பி, ஒவ்வொரு தடவையும் புண்ணைக் கீறுகிறீர்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு ஒரு நோட்டில் 15 நிமிடம் எழுதுங்கள், நாலு நாள் தொடர்ந்து. யாருக்கும் காட்ட வேண்டாம். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் 1980களில் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்துப் பார்த்த முறை இது. எழுதும் அன்று கனமாக இருக்கும், போகப் போகக் குறையும் என்பார். நண்பன் ஒருவனிடமாவது சொல்லுங்கள். குடிக்கக் கூப்பிடும் நண்பனிடம் வேண்டாம்.

நாமக்கல், 45: மாத்திரை இல்லாம யோகாவுல சரி பண்ண முடியாதா? தூக்க மாத்திரை கெடுதல்னு நீங்களே சொல்றீங்க.

மூன்றாவது தடவை இது. எல்லா மாத்திரையும் கெடுதல் என்று நான் எழுதவில்லை. மருத்துவர் பார்த்துக் கொடுத்ததைப் போடுங்கள், மற்றவர் சீட்டில் உள்ளதைப் போடாதீர்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். யோகா நல்லது, கூடவே செய்யுங்கள்.

காங்கேயம், 66: கல்யாணப் பேச்சை நான் விடப் போறதில்ல. அது வேற. பையன் வாங்கிட்டு இருந்த டாக்டர்கிட்ட ரெண்டு மாசமாப் போகலையாம், இப்பத்தான் கேட்டுட்டு வந்தேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரியில பாக்கலாமா?

பார்க்கலாம் ஐயா. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் வெள்ளெனப் போய் ஓபி சீட்டு போட்டு, மனநலப் பிரிவு என்று கேளுங்கள். பழைய சீட்டும் மீதி மாத்திரை அட்டையும் கையில் இருக்கட்டும். எத்தனை நாள் விட்டுப்போனது என்பதை அவரே சொல்லட்டும். டாக்டரிடம் முதலில் அவர் தனியாகப் பேசட்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்திருங்கள். கூப்பிட்டால் உள்ளே போங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் எதுவும் கேட்க வேண்டாம். அவராகப் பேச ஆரம்பித்தால், நீங்கள் உம் கொட்டுங்கள்.