ஆன்லைனில் கிடைக்கிறது, வாங்கலாமா? – மருந்துக் கேள்விகள்

தக்கலையில் மெடிக்கல் கடை வைத்திருப்பவன் என்பதால், ஆன்லைன் கடைகளை நான் திட்டித் தீர்ப்பேன் என்று எதிர்பார்த்துச் சிலர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆன்லைனில் மருந்து விற்பதே சட்டவிரோதம் என்கிறார் நண்பர். உண்மையா? (வடசேரி வாசகர்)

உங்கள் நண்பர் சொல்வது பாதி சரி. மருந்து விற்பனையை ஆளும் சட்டம் 1940-இல் வந்தது. அப்போது ஏது இன்டர்நெட்? 2018 ஆகஸ்டில் மத்திய அரசு ஆன்லைன் மருந்துக் கடைகளுக்கென்று வரைவு விதிகளை வெளியிட்டது. அது வரைவாகவே கிடக்கிறது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், உரிமம் இல்லாத ஆன்லைன் விற்பனைக்குத் தடை போட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி, விதிகள் வரும்வரை விற்கக் கூடாது என்றார். 2019 ஜனவரியில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்திவைத்தது.

கொரோனா காலத்தில், 2020 மார்ச்சில், உரிமம் உள்ள கடைகள் வீட்டுக்கே மருந்து அனுப்பலாம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. ஆனால் அதே வருவாய் மாவட்டத்துக்குள் மட்டும். அதன்படி பார்த்தால் நாகர்கோவில் கடைக்காரர் களியக்காவிளை வரை அனுப்பலாம். எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்கு ஆகாது. நடைமுறையில் பெட்டி எங்கெங்கிருந்தோ வந்து இறங்குகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், பில்லில் கடையின் உரிம எண்ணும் மருந்தின் பேட்ச் எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் திருப்பி அனுப்புங்கள்.

எந்தெந்த மருந்தைச் சீட்டு இல்லாமல் வாங்கலாம்? ஒரு பட்டியல் தர முடியுமா?

சட்டத்திலேயே அப்படி ஒரு தனிப் பட்டியல் கிடையாது. மருந்து விதிகளில் எச், எச்1, எக்ஸ் (H, H1, X) என்ற அட்டவணைகளில் இருப்பவை சீட்டு இல்லாமல் கூடாது. மிச்சத்தைத்தான் நாம் ‘சும்மா வாங்கும் மருந்து’ என்கிறோம். லேபிளின் இடது மேல் மூலையில் ஆர்எக்ஸ் (Rx) என்ற குறி இருந்தாலோ, சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருந்தாலோ அது டாக்டர் எழுதித் தர வேண்டிய மருந்து. எச்1 மருந்தை விற்றால் நாங்கள் வாங்குபவர் பெயரையும் டாக்டர் பெயரையும் தனிப் பதிவேட்டில் எழுதி, 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

குலசேகரத்தில் ரப்பர் பால்வெட்டும் வேலை செய்கிறேன். தொடையிடுக்கில் படர்தாமரை. ஆன்லைனில் வாங்கிய கிரீம் மூன்றே நாளில் கேட்டது. இப்போது வயிறு வரை ஏறிவிட்டது. பெரிய டியூபாக வாங்கலாமா?

தம்பி, அந்த டியூபை முதலில் தூரப் போடுங்கள்.

நீங்கள் எழுதிய சேர்மானத்தில் குளோபெட்டசால் இருக்கிறது. அது வலுவான ஸ்டீராய்டு. அரிப்பும் சிவப்பும் அடங்கும், ‘கேட்டது’ என்று தோன்றும். ஆனால் பூஞ்சை சாகாது. தோலின் எதிர்ப்பு அடங்கிப்போன இடத்தில் அது சொகுசாகப் பரவும். நிறுத்தினால் முன்னைவிட மோசமாக அரிக்கும், மறுபடி பூசுவீர்கள். கடையில் இதே கதையை வாரம் தவறாமல் கேட்கிறேன். வேர்வையும் ஈர உடுப்புமாக நாள் முழுக்க நிற்பவர்களுக்குத்தான் அதிகம்.

வெளிப்பூச்சு என்பதால் இந்தக் கிரீம்களுக்கு முன்பு சீட்டுக் கட்டாயம் இல்லாமல் இருந்தது. 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தார்கள். இருந்தும் ஆன்லைனில் சோப்பு, ஷாம்புக்குப் பக்கத்தில் வைத்து விற்கிறார்கள். கல்யாணத்துக்கு முகம் வெளுக்க வேண்டும் என்று பெண்பிள்ளைகள் வாங்கும் கிரீம்களில் பலவும் இந்த வகைதான். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, வெயிலில் இறங்கினாலே எரியும்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் தோல் பிரிவு இருக்கிறது. டியூபைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். வாரக்கணக்கில் மருந்து எடுக்க வேண்டியிருக்கும்; அரிப்பு நின்றதும் பாதியில் விடாதீர்கள்.

போனில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, டாக்டர் சீட்டு அனுப்பிவிட்டார். தூக்க மாத்திரை வந்துவிடுமா?

வரக் கூடாது. 2020-இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி, எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதை, மனமயக்க மருந்துகள் சட்டத்துக்குள் வருபவற்றையும் போன் வழியே எழுதித் தரக் கூடாது. தூக்கத்துக்கென்று பலரும் கேட்கும் அல்பிரசோலம் அதில் அடங்கும். வந்தால், அனுப்பியவர் மீதுதான் சந்தேகப்பட வேண்டும்.

தூத்தூர். விசைப்படகு வைத்திருக்கிறேன். தங்குகடலுக்குப் போனால் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். மருந்தெல்லாம் மொத்தமாக ஆன்லைனில் வாங்கி வைக்கலாமா அண்ணாச்சி?

ஓஆர்எஸ், பாராசிட்டமால், புண்ணுக்குப் போவிடோன் அயோடின், கட்டுத்துணி, பஞ்சு இவற்றை எங்கே வாங்கினாலும் சரி. ஆன்டிபயாடிக் வேண்டுமென்றால் புறப்படும் முன் ஒரு டாக்டரைப் பார்த்து, கடலுக்குப் போவதைச் சொல்லி எழுதி வாங்குங்கள். யாருக்கு எது ஒவ்வாது என்பதையும் ஒரு தாளில் குறித்து, பெட்டிக்குள் வையுங்கள். மேலுவலிக்கு டிராமடால் வாங்கி அடுக்க வேண்டாம். 2018-லிருந்து அது போதை மருந்துச் சட்டத்துக்குள் வருகிறது. சீட்டில்லாமல் படகில் இருந்தால் சோதனையில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அப்புறம், பெட்டியை எஞ்சின் பக்கம் வைக்காதீர்கள். சூட்டில் மருந்து வீணாகும்.

மகள் லண்டனில் நர்ஸ். அங்கே கடையில் பாராசிட்டமால்கூட எண்ணித்தான் தருகிறார்களாம். அவ்வளவு கெடுபிடி எதற்கு? (மார்த்தாண்டம் வாசகி)

1998-லிருந்து அங்கே அப்படித்தான் அம்மா. சாதாரணக் கடையில் ஒரு பெட்டியில் 16 மாத்திரை, மருந்துக் கடையில் 32. அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும் மருந்து அது. வீட்டில் குவிந்து கிடந்தால் ஆபத்து என்றுதான் கட்டுப்பாடு. அதன் பிறகு பாராசிட்டமால் சாவுகள் குறைந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. இங்கே நமக்கு, நிறைய வாங்கினால் தள்ளுபடி! வாங்கினாலும் ஒன்றைக் கவனியுங்கள்: சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் உண்டு. இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அளவு தாண்டிவிடும்.

பேரனுக்கு இரண்டரை வயது. சளிக்கு ஆன்லைனில் சிரப் பார்த்தேன். குளோர்பெனிரமின், பினைல்எப்ரின் என்று போட்டிருக்கிறது.

வேண்டாம். இந்தச் சேர்மானத்தை 4 வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023 டிசம்பரில் உத்தரவிட்டிருக்கிறார்கள். பாலோ கஞ்சியோ இளஞ்சூடாகக் கொடுங்கள். மூச்சு வேகமாக வாங்கினாலோ, நெஞ்சு உள்ளே இழுத்தாலோ, பிள்ளை எதுவும் குடிக்காமல் இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.