டிரைவர் தேடும் முன் அந்த நம்பரைப் பாருங்கள்

கேள்வி: ஆன்லைனில் மலிவாக ஓர் ஆர்டுயினோ நானோ போர்டு (புரோகிராம் ஏற்றி ஓட்டுகிற சின்ன எலெக்ட்ரானிக் பலகை) வாங்கினேன். விண்டோஸ் 10 கம்ப்யூட்டரில் செருகினால் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு 'யுஎஸ்பி2.0-சீரியல்' என்று நிற்கிறது. டிரைவர் தேடினால், எல்லா டிரைவரையும் தானே கண்டுபிடித்துப் போடும் என்று ஏதேதோ சாஃப்ட்வேர்தான் வருகிறது, அதற்குப் பணமும் கேட்கிறார்கள். வாங்கலாமா?
- பாலிடெக்னிக் மாணவர் ஒருவர்

பதில்: வேண்டவே வேண்டாம். இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். டிரைவர் என்பது செருகிய சாதனத்தோடு விண்டோஸைப் பேசவைக்க அதன் அடிமட்டம் வரை போய் வேலை செய்கிற புரோகிராம், ஊர் பேர் தெரியாத இடத்திலிருந்து எடுத்துப் போடக் கூடாது.

நீங்கள் தேட வேண்டியது போர்டின் பெயரை அல்ல, அதிலுள்ள யுஎஸ்பி சிப்பின் பெயரை. எந்த யுஎஸ்பி சாதனமும் செருகியதும் இரண்டு எண்களைக் கம்ப்யூட்டரிடம் சொல்லிவிடும்: விஐடி என்பது தயாரிப்பாளரின் எண், பிஐடி என்பது பொருளின் எண். ஆச்சரியக்குறி உள்ள வரியில் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸ், அதில் டீடெயில்ஸ், அங்கே 'ஹார்டுவேர் ஐடீஸ்' என்று தேர்ந்தெடுத்தால் அந்த எண்கள் தெரியும். நீங்கள் சொல்கிற அடையாளத்தை வைத்துப் பார்த்தால் 1ஏ86, 7523 என்று இருக்கும் என்றே நினைக்கிறேன். அது சீனாவின் டபிள்யூசிஎச் நிறுவனத்தின் சிஎச்340 சிப், மலிவான நானோ போர்டுகளில் பெரும்பாலும் இதுதான். 0403, 6001 என்றால் எஃப்டிடிஐ நிறுவனத்தின் சிப். 10சி4, இஏ60 என்றால் சிலிக்கான் லேப்ஸ் நிறுவனத்தின் சிப். எது வந்தாலும் அந்தச் சிப் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் டிரைவர் இலவசமாகவே கிடைக்கும். அதற்கு முன் நெட் இணைப்போடு விண்டோஸ் அப்டேட்டை ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், பல சமயம் அதுவே கொண்டுவந்து போட்டுவிடும்.

டிரைவர் சரியாக உட்கார்ந்துவிட்டால் டிவைஸ் மேனேஜரில் காம்3, காம்4 என்று ஒரு போர்ட் (இணைப்பு வழி) வரும். அப்புறமும் புரோகிராம் ஏறவில்லையென்றால் டிரைவரைக் குறை சொல்லாதீர்கள், ஆர்டுயினோ மென்பொருளில் ப்ராசஸர் என்ற இடத்தில் 'ஓல்டு பூட்லோடர்' உள்ளதைத் தேர்ந்தெடுங்கள் (பூட்லோடர் என்பது நம் புரோகிராமை வாங்கி ஏற்றுவதற்காகப் போர்டிலேயே இருக்கும் குட்டிப் புரோகிராம்). இந்த வகை போர்டுகள் நிறைய அதில்தான் ஓடும்.

கேள்வி: கடையில் எடைமெஷினை இணைக்கிற யுஎஸ்பி-சீரியல் கேபிள் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புது கம்ப்யூட்டரில் 'கோட் 10' (சாதனத்தைத் தொடங்க முடியவில்லை) என்று நின்றுவிட்டது. டிரைவரை அழித்துப் புதிதாகப் போட்டும் பலனில்லை.
- மளிகைக் கடைக்காரர் ஒருவர்

பதில்: முதல் பதிலில் சொன்னபடி விஐடி, பிஐடி எண்கள் 067பி, 2303 தானா என்று பாருங்கள். அது புரோலிஃபிக் சிப். அந்த நிறுவனத்தின் புதிய டிரைவர்கள் போலிச் சிப்புகளை மட்டுமல்ல, உற்பத்தி நிறுத்தப்பட்ட தங்கள் பழைய அசல் சிப்புகளையும் ஏற்பதில்லை, அதனால்தான் புதிதாகப் போடப் போட நிலைமை மாறவில்லை. (2014-இல் எஃப்டிடிஐ இதைவிடக் கடுமையாகப் போனது: விண்டோஸ் அப்டேட் வழியாக வந்த அதன் டிரைவர் போலிச் சிப்புகளின் பிஐடியை 0000 என்று மாற்றி முடக்கியது, எதிர்ப்பு கிளம்பியதும் திரும்பப் பெற்றார்கள். போலி என்று தெரியாமல் வாங்கியவர் என்ன செய்வார்? எனக்கு அது நியாயமாகப் படவில்லை.)

'அப்டேட் டிரைவர்' போய், கம்ப்யூட்டரில் உள்ள பட்டியலிலிருந்து நானே தேர்ந்தெடுக்கிறேன் என்பதைக் கொடுங்கள். பழைய பதிப்பு அங்கே தெரிந்தால் அதைப் போடுங்கள், பெரும்பாலும் ஓடிவிடும். ஆனால் அடுத்த அப்டேட்டில் மறுபடி புதியது வந்து உட்காரலாம். பில் போடுகிற இடத்தில் இந்தத் தொல்லை ஆகாது, வேறு சிப் உள்ள நல்ல கேபிள் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.