யோகோவின் காலில் கெய்கி ஏன் விழுகிறான்?

'பன்னிரண்டு ராஜ்ஜியங்கள்' என்னும் அனிமேயின் (ஜப்பானிய அசைபடத் தொடரின்) தொடக்கத்தில், ஜப்பானியப் பள்ளி மாணவியான யோகோவைத் தேடிவரும் கெய்கி என்னும் அந்நியன், அவள்முன் மண்டியிட்டுப் பாதத்தில் நெற்றி பதிப்பது எதற்காக என்று கேட்டிருக்கிறீர்கள்.

கெய்கி மனிதன் அல்லன். மனித உருவெடுத்த கிரின். நல்லாட்சி நிலவும்போது தோன்றுவதாகச் சீனத் தொன்மம் சொல்லும் இந்த விலங்குக்கு, 1992 முதல் ஃபுயுமி ஓனோ எழுதிய நாவல்களும், அவற்றைத் தழுவி 2002-இல் ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.ஹெச்.கே. ஒளிபரப்பத் தொடங்கிய அனிமேயும், அரசரைத் தேர்ந்தெடுக்கும் கடமையை அளித்துள்ளன. வானத்தின் விருப்பத்தை உணரும் கிரின், தன் அரசரைத் தவிர வேறெவரையும் அவ்வாறு பணிய முயன்றாலும் அதன் உடல் இடங்கொடுக்காது. ஆகவே அந்த வணக்கமே முடிசூட்டுக்குச் சமம்.

இந்தப் பிணைப்பு இருவரையும் கட்டுப்படுத்துகிறது. அரசர் அறம் பிறழ்ந்தால் முதலில் நோயுறுவது கிரின். அது இறந்தால் அரசரும் நெடுநாள் பிழைப்பதில்லை. கெய்கி முன்பு தேர்ந்தெடுத்த அரசி, அவனைக் காப்பாற்றுவதற்காகவே அரியணையைத் துறந்து உயிர்விட்டாள். அரியணை வெறுமையானதால்தான் அவன் புதிய அரசரைத் தேடி யோகோவிடம் வருகிறான். எல்லோருக்கும் நல்லபிள்ளையாக நடந்தே பழகிய அவளோ, ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கும் பதற்றத்தில், தன் வணக்கத்தை ஏற்கும்படி அவன் வற்புறுத்த, எதற்கென்று தெரியாமலே 'அனுமதிக்கிறேன்' என்கிறாள்; என் பார்வையில், அவளுடைய பழைய குணம் அவளை மாட்டிவிட்ட இடம் அதுவே.